கறையானுக்கு மூன்று, தும்பிக்கு நான்கு

ஐப்பசியில் முதல் பெருமழை விட்ட மாலை. சேலையூர், மாடம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் என்று தெருத்தெருவாக ஒரே குரல்: "லைட்டை அணைங்க, ஈசல் வருது!" அணைப்பதற்குள் பாதி உள்ளே வந்துவிடும். ட்யூப்லைட்டுக்குப் பின்னால் பதுங்கியிருக்கும் பல்லிக்கு அன்று கல்யாணச் சாப்பாடு. மறுநாள் காலையில் படிக்கட்டெங்கும் சிறகுகள் குவிந்து கிடக்கும். விளக்குமாற்றை வைத்தால் எழும்பிப் பறந்து திரும்பவும் அதே படியில் வந்து விழும்.

அவற்றைப் பெருக்கும்போதெல்லாம் எனக்குத் தொல்காப்பியத்தின் மரபியல் ஞாபகம் வரும். உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் வரிசைப்படுத்துகிற பகுதி அது. புல்லுக்கும் மரத்துக்கும் தொடுவுணர்வு ஒன்றுதான். நத்தைக்கும் சிப்பிக்கும் சுவை சேர்ந்து இரண்டு. சிதலுக்கும் எறும்புக்கும் மோப்பம் சேர்ந்து மூன்று. நண்டுக்கும் தும்பிக்கும் கண் சேர்ந்து நான்கு. காது சேர்ந்தால் ஐந்து, மனம் சேர்ந்தால் ஆறு. சிதல் என்பது கறையான். தும்பி என்றால் அங்கே வண்டு. இன்று பலரும் அந்தப் பெயரால் தட்டானைச் சொல்கிறார்கள். இரண்டில் எதை வைத்துக்கொண்டாலும் கணக்கு பெரிதாகக் கெடாது.

பூச்சிகளின் விசித்திரங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "இத்தனை சின்ன மூளைக்கு இவ்வளவு புத்தியா?" என்று வியப்பதோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியில் நம்பிக்கையில்லை. புத்தி என்று நாம் நினைப்பதை அங்கே தேடினால் கதை கட்டத்தான் தோன்றும். இந்த உயிருக்குள் உலகம் எந்தெந்த வாசல் வழியாக நுழைகிறது என்று தொல்காப்பியர் கேட்டது அதைவிடக் கூர்மையானது. கடந்த இருநூற்றைம்பது ஆண்டு ஆய்வுகளை அந்தக் கேள்வியோடு படித்தால் அவர் கணக்கு எங்கே நிற்கிறது, எங்கே உடைகிறது என்று தெரியும். உதாரணம் தேடி அமேசான் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு வந்தபோது கிடைத்த 365 ஏக்கர் புதர்க்காட்டில் பெரும்பகுதி இன்னும் மரம் சூழ நிற்கிறது. தெற்கே வண்டலூர்க் காடு, கிழக்கே நன்மங்கலம், அதையும் தாண்டி 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்பு. நடுவே அடுக்குமாடிகளும், ஏரிகளும், ஏரியாக இருந்த தெருக்களும். 2021இல் மாநகராட்சியான இந்தத் தாம்பரம் வட்டாரத்தில் பூச்சிக்குப் பஞ்சமே இல்லை.

கறையானிலிருந்தே தொடங்கலாம். நம் கறையானைப் பற்றி ஐரோப்பிய அறிவியல் விரிவாக அறிந்தது தமிழ்நாட்டுக் கரையிலிருந்துதான். இயற்கையியலாளர் லின்னேயஸின் மாணவர் கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்தார். தஞ்சைப் பக்கம் புற்றுகளைத் தோண்டிப் பார்த்து 1779இல் அவர் எழுதிய கட்டுரை, புற்றுக்குள் வளரும் பூஞ்சையைப் பதிவு செய்த ஆகப் பழைய குறிப்புகளில் ஒன்று. ஊர்மக்கள் ஈசல் பிடித்துத் தின்பதையும் அவர் எழுதிவைத்தார். வறுத்த ஈசலைப் பொரியோடு கலந்து தின்றவர்களுக்கு அதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

அந்தப் பூஞ்சை தற்செயலாக வளர்வதல்ல. நம்மூர்ப் புற்றுக் கறையானால் மரக்கட்டையைத் தானாக முழுதும் செரிக்க முடியாது. மென்ற தாவரத் துகளைக் கழிவாக வெளியேற்றி, பஞ்சு போன்ற அடுக்குகளாக அமைத்து, அதன்மேல் பூஞ்சையை வளர்த்து, அது பக்குவப்படுத்தித் தருவதைத் தின்கிறது. மழைக்குப் பின் புற்றைப் பிளந்துகொண்டு முளைக்கும் காளான் அந்தத் தோட்டத்தின் பூ. மனிதன் ஏர் பிடிப்பதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிய வேளாண்மை இது.

தோட்டத்துக்கும் லட்சக்கணக்கான உடல்களுக்கும் மூச்சுக்காற்று எப்படிப் போகிறது? புற்றுக்கு சன்னலும் இல்லை, புகைபோக்கியும் இல்லை. பெங்களூரில் இருந்த புற்றுகளுக்குள் நுண்கருவிகளை நுழைத்து ஹன்டர் கிங், சாமுவேல் ஓக்கோ, சென்னை ஐஐடியில் படித்த எல். மகாதேவன் ஆகியோர் அளந்து 2015இல் விடை சொன்னார்கள். புற்றின் வெளிச்சுவரில் மடிப்பு மடிப்பாக இருக்கும் விலாக்கள் பகலில் சீக்கிரம் சூடாகின்றன. சூடான காற்று விலா வழியே மேலேறி நடுக்கூடம் வழியே இறங்குகிறது. இரவில் விலாக்கள் முதலில் குளிர, சுழற்சி தலைகீழாகிறது. பகலில் தேங்கிய கரியமில வாயுவை இரவுக் காற்றோட்டம் வெளியேற்றுகிறது. பகலுக்கும் இரவுக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தைக் கொண்டே புற்று மூச்சுவிடுகிறது. ஏ.சி. மாட்டாமல் கோடையைத் தள்ள முடியாத நம் மேல்மாடி ஃப்ளாட்டுகளை வரைந்தவர்கள் ஒருமுறை போய்ப் பார்த்துவரலாம்.

கட்டிய வேலைக்காரக் கறையானுக்கோ கண் கிடையாது. வரைபடமும் இல்லை, மேஸ்திரியும் இல்லை. ஒன்று வைத்த ஈரமண் உருண்டையும் அதன் வாசமும் அடுத்த உருண்டையை எங்கே வைப்பது என்று அடுத்ததற்குச் சொல்கிறது. செய்த வேலையே அடுத்த வேலைக்கு உத்தரவு. பிரெஞ்சு ஆய்வாளர் கிராசே 1959இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார். கட்டுகிறவனுக்குள் திட்டம் இருந்தாக வேண்டும் என்ற நம் எண்ணத்தை அதற்குப் பிறகு யாராலும் பழையபடி நம்ப முடியவில்லை. தொல்காப்பியரின் மூன்று இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆபத்து வந்தால் காவல் கறையான்கள் தலையைத் தரையில் மோதி ஒலி எழுப்புகின்றனவே, அது செவிப்புலன் ஆகாதா என்று கேட்கலாம். மற்றவை அதை அறிவது கால்களுக்கு வரும் அதிர்வால்தான். தொடுவுணர்வுக் கணக்கிலேயே அடங்கிவிடும்.

ஆனால் ஈசலுக்குக் கண் உண்டு. அதுவும் அதே புற்றின் பிள்ளைதான். ஒரு வயிற்றில் பிறந்தவற்றில் ஒன்றுக்கு மூன்று, இன்னொன்றுக்கு நான்கு. பறந்து, துணை சேர்ந்து, சிறகை உதிர்த்து மண்ணுக்குள் போனதும் அந்த நாலாவது அறிவுக்கு வேலை முடிந்தது. நிலையாமைக்கு உவமை தேடியவர்கள் ஈசலைச் சொன்னார்கள்: ஒரு பொழுது வாழ்வு. தொண்ணூற்றொன்பதுக்கு அது சரி. தப்பிப்பிழைத்த ஒரு ஜோடி ராஜா ராணியாகி, புற்றுக்குள் பத்தாண்டுக்கு மேலும் வாழக்கூடும். கறையான் இனத்திலேயே நீண்ட ஆயுள் வாய்த்தது நாம் அற்பாயுசு என்று பரிதாபப்பட்ட அந்த ஈசலுக்குத்தான்.

அப்படியானால் நம் வாசல் விளக்கில் வந்து ஏன் சாகிறது? விட்டிலை ஆசைக்கு உவமையாக்கி ஆயிரம் ஆண்டாகப் பழி சொல்லிவந்தோம். விளக்கருகே பறக்கும் பூச்சிகளை அதிவேகக் கேமராவில் பிடித்து 2024இல் வெளியான ஆய்வு வேறொன்றைக் காட்டியது. பூச்சிகள் விளக்கை நோக்கிப் பறக்கவில்லை. முதுகை வெளிச்சத்தின் பக்கம் திருப்புகின்றன. இரவில் வானம்தான் தரையைவிட வெளிச்சம். முதுகு வெளிச்சத்தைப் பார்த்திருந்தால் தலைகீழாகாமல் பறக்கலாம் என்பது மனிதன் விளக்கேற்றும் வரை பிழைக்காத விதி. விளக்கு வந்ததும் பூச்சிக்கு வானம் பக்கவாட்டில் இருக்கிறது. முதுகைச் சாய்த்துச் சாய்த்துச் சுற்றி, அதை விட்டு விலக முடியாமல் விழுகிறது. ஆசையுமில்லை, மோகமுமில்லை. வீட்டுக்கு வீடு எல்.ஈ.டி. வானம் கட்டித் தொங்கவிட்டவர்கள் நாம்தான்.

எறும்புக்கு வருவோம். மழைக்கு முன் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறும் எறும்பு வரிசையைப் புறநானூற்றின் 173ஆம் பாட்டு, கையில் சோற்றோடு போகும் பிள்ளைகளுக்கு உவமையாக்கியது. பார்வை அபாரம். வாயில் இருப்பது முட்டைதானா என்பதில் மட்டும் ஒரு திருத்தம்: கண்ணுக்குத் தெரிகிற அளவு பெரிய வெள்ளை மூட்டைகள் பெரும்பாலும் புழுவும் கூட்டுப்புழுவும். முட்டை அதைவிடப் பொடியானது. நம் சமையலறைச் சுவரில் ஏறும் வரிசையை மூக்குதான் நடத்துகிறது. மோப்பம் எறும்பை எவ்வளவு ஆள்கிறது என்பதற்கு எறும்பு ஆய்வாளர் எட்வர்ட் வில்சன் 1958இல் காட்டிய வேடிக்கையைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். செத்த எறும்பிலிருந்து வரும் ஓலியிக் அமிலத்தை உயிருள்ள எறும்பின் மேல் தடவிவிட்டார். அது காலை உதறித் துடித்தபோதும் மற்றவை அதைத் தூக்கிக்கொண்டு போய்க் குப்பைமேட்டில் போட்டன. கழுவித் துடைத்து வாசம் போன பிறகுதான் அதற்கு மறுபடி உயிர் வந்ததாக ஊர் ஒப்புக்கொண்டது.

ஆனால் எல்லா எறும்பும் மூவறிவு அல்ல. சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டன் தென்னிந்திய எறும்புகளை வகைப்படுத்தி 1851இல் சென்னையிலிருந்து வெளியான ஆய்விதழில் எழுதினார். அதில் ஒன்று குதிக்கும் எறும்பு. பெரிய கண்ணால் இரையைக் கண்டு தாவிப் பிடிக்கும். மேற்குத் தொடர்ச்சி மலைப்பக்கம் வாழும் அதன் ராணி இறந்தால் வேலைக்கார எறும்புகள் உணர்கொம்பால் மோதிப் போட்டியிடும். வென்றவை முட்டையிடத் தொடங்கும். அப்போது அவற்றின் மூளை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்குகிறது. முட்டையிடுவதிலிருந்து விலக்கி மறுபடி வேலைக்கு அனுப்பினால் மூளை பழைய அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. 2021இல் வெளியான முடிவு இது. பதவிக்கு வந்தால் மூளை சுருங்குவது பற்றி மேலும் எழுத ஆசைதான். அடக்கிக்கொள்கிறேன்.

கல்லூரி வளாகத்து மாமரத்தில் ஏறியவர்களுக்கு முசுறு தெரிந்திருக்கும். தெரியாமல் ஏறியவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கும். இலைகளைச் சேர்த்துத் தைக்கும் பட்டு நூல் அந்த எறும்பிடம் இல்லை, அதன் புழுவிடம் இருக்கிறது. வரிசையாக நின்று இலை விளிம்புகளை இழுத்துப் பிடித்துக்கொள்ள, சில எறும்புகள் புழுவை வாயில் கவ்வி நெசவாளர் தறி நாடாவை ஓட்டுவது போல அங்கும் இங்கும் கொண்டுபோய்த் தைக்கின்றன. பிள்ளையைத் தையல் ஊசியாகப் பயன்படுத்தும் குடும்பம்.

குளவியிடம்தான் நம் முன்னோரின் பார்வை கூர்மையாகவும் தீர்ப்பு தலைகீழாகவும் போனது. சன்னல் மூலையில், ஸ்விட்ச் போர்டு ஓட்டையில், மாதக்கணக்கில் எடுக்காத ஸ்கூட்டரின் சாவித் துளையில் மண் கூடு கட்டும். கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்று பாட்டிமார் கலைக்கவிட மாட்டார்கள். குளவி ஒரு பச்சைப்புழுவைக் கொண்டுவந்து அடைக்கும். சில வாரம் கழித்துக் கூட்டை உடைத்துக்கொண்டு குளவி வரும். உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி. ஆகவே கொட்டக் கொட்டப் புழு குளவியாகிறது என்று முடிவு கட்டினார்கள். குரு சீடனைத் தன்மயமாக்குவதற்கு வேதாந்திகள் அதையே உவமையாக்கினார்கள். உண்மையில் புழு எதுவுமாக ஆகவில்லை. கொட்டு வாங்கி மரத்துப்போய், சாகாமலும் அசையாமலும் கிடந்து, குளவிக் குஞ்சுக்குச் சோறாகிவிட்டது. சீடர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

இந்தக் குடும்பத்தில் ஆகச் சிறந்த வைத்தியன் பச்சை மரகதம் போல மின்னும் ஒரு குளவி. சாக்கடை மூடியருகே திரியும் பெரிய பழுப்புக் கரப்பான்தான் அதன் குறி. முதல் கொட்டு நெஞ்சில். முன்னங்கால்கள் சில நிமிடம் செயலிழக்கும். அந்த அவகாசத்தில் இரண்டாவது கொட்டு கழுத்து வழியாக நேரே மூளைக்கு. அதன்பின் கரப்பானுக்கு நடக்க முடியும், ஆனால் தானாக நடக்கத் தோன்றாது. குளவி அதன் உணர்கொம்புகளைப் பாதியில் வெட்டி, ஒழுகும் நீரைக் குடித்துவிட்டு, மிச்சக் கொம்பைக் கவ்வி இழுக்கும். மூக்கணாங்கயிறு போட்ட மாடு போலக் கரப்பான் தன் கல்லறைக்குத் தானே நடந்துபோகும். காலில் ஒரு முட்டை. வாசலைச் சிறுகல்லால் அடைப்பு. பொரிந்த புழு கரப்பானுக்குள் புகுந்து, அது நெடுநேரம் உயிரோடிருக்கும்படி பார்த்துப் பார்த்துத் தின்னும்.

இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழகத்தில் லிபெர்சாட்டின் குழு பல ஆண்டுகளாக இதை ஆராய்கிறது. இருட்டறை போன்ற ஒரு தலைக்குள் மூளை எங்கே இருக்கிறது என்று குளவிக்கு எப்படித் தெரிகிறது? கரப்பானின் மூளையை எடுத்துவிட்டுக் குளவியிடம் கொடுத்தார்கள். குளவி கொடுக்கை உள்ளே விட்டு வழக்கத்தைவிடப் பல மடங்கு நேரம் துழாவிக்கொண்டே இருந்தது. கொடுக்கு நுனியிலேயே தொடுவதையும் சுவைப்பதையும் அறியும் உணர்வுமுனைகள் உண்டு என்று 2014இல் காட்டினார்கள். தொடுதல், சுவை என்று தொல்காப்பியர் முதலில் எண்ணிய இரண்டும்தான், ஆனால் ஊசிமுனையில். புலன்களை எண்ணுவது மட்டும் போதாது, அது உடம்பில் எங்கே இருக்கிறது என்றும் கேட்டாக வேண்டும் என்று எனக்கு உறைத்தது இதைப் படித்தபோதுதான்.

தும்பிக்கு நான்கு, கண் உண்டு. சரி, எப்படிப்பட்ட கண்? உத்தரத்தில் துளை போடும் கருவண்டின் குடும்பத்தில் ஒன்றுக்குத் தரங்கம்பாடியின் பெயரையே பூச்சியியலாளர் ஃபாப்ரீசியஸ் 1804இல் வைத்தார்: சைலோகோப்பா ட்ராங்குபாரிகா. நிலா இல்லாத இரவிலும் அது பூத்தேடிப் போகும். அதன் கண்ணின் அமைப்போ பகல் வண்டுக்கானது. மகாராஷ்டிரத்தின் பீமாசங்கர் காட்டில் ஹேமா சோமநாதனும் உடனாய்வாளர்களும் செய்த சோதனையில், நட்சத்திர ஒளியிலேயே அது நிறம் பிரித்துக் கூட்டை அடையாளம் காண்பது 2008இல் உறுதியானது. அந்த இருளில் நமக்கு எல்லாம் சாம்பல் நிறம்.

செவி பூச்சிக்கு இல்லை என்ற இடத்தில்தான் கணக்கு நிஜமாகவே உடைகிறது. சில்வண்டின் காது அதன் முன்னங்கால் முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. தென்னிந்தியப் புதர்களில் வாழும் மரச் சில்வண்டில், உரக்கப் பாட முடியாத சின்ன ஆண்கள் இலையில் ஓட்டை போட்டு அதில் நின்று பாடும், இலை ஒலிபெருக்கியாகிவிடும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இதை ஆராய்ந்தார்கள்.

கொசு இன்னும் ஒரு படி மேல். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவில் ஆணின் கொம்படியில் சுமார் 15,000 நரம்பணுக்கள் கொண்ட செவி இருக்கிறது. நம் காதில் ஒலி உணரும் மயிரணுக்களின் எண்ணிக்கையோடு போட்டிபோடும். பெண்ணின் சிறகு நொடிக்கு ஏறக்குறைய 400 முறை அடிக்கிறது, ஆணுடையது 600. இரண்டும் நெருங்கும்போது தங்கள் ரீங்காரத்தைச் சற்றே மாற்றி, மேல்ஸ்தாயியில் 1200இல் சேர்கின்றன என்று கார்னெல் பல்கலைக்கழகத்தார் 2009இல் பதிவு செய்தார்கள். நாம் கொசுபேட்டால் வெடிக்கச் செய்வது ஒரு ஜுகல்பந்தியை. 2024இல் கலிஃபோர்னியாவிலிருந்து இன்னொன்று: நம் தோலிலிருந்து வரும் அகச்சிவப்பு வெப்பக் கதிரையும் அது உணர்கிறது, மூச்சுக்காற்றும் வியர்வை வாசமும் கூடவே இருந்தால் சுமார் இரண்டடி தொலைவிலிருந்தே. இது எத்தனையாவது அறிவு?

அதன் முட்டை வேறொரு வித்தை. ஒரே இடத்தில் கொட்டாமல் நாலைந்து பாத்திரங்களில் பிரித்து இடும். அதுவும் தண்ணீரில் அல்ல, தண்ணீருக்கு மேலே ஈரச் சுவரில். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிர் போகாது. லாரித் தண்ணீர் பிடித்துவைக்கும் டிரம்மை நாம் கவிழ்த்துவிட்டு நிம்மதியாக இருப்போம். அடுத்த லாரி வந்து மட்டம் ஏறியதும் பொரிக்கும். மாநகராட்சி ஊழியர் வந்து "தேய்ச்சுக் கழுவுங்கம்மா" என்று சொல்லும்போது முகம் சுளிக்க வேண்டாம்.

தட்டானைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். வடகிழக்குப் பருவமழைக்கு முன் மைதானங்களுக்கு மேல் இடுப்புயரத்தில் கூட்டமாக மிதக்கும் மஞ்சள் தட்டான், பாண்டாலா ஃபிளேவசென்ஸ். அது தாழப் பறந்தால் மழை என்பார்கள். மாலத்தீவில் வாழ்ந்த ஆங்கிலேயக் கடல்வாழ் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், தேங்கும் நன்னீரே ஏறக்குறைய இல்லாத அந்தத் தீவுகளில் அக்டோபர்தோறும் லட்சக்கணக்கில் தட்டான்கள் இறங்குவதைக் கண்டார். இந்தியாவிலிருந்து கிளம்பி, மாலத்தீவு தாண்டி, மழைமண்டலத்தோடு கிழக்கு ஆப்பிரிக்கா வரை போய், தலைமுறை மாறித் திரும்புகின்றன என்று 2009இல் எழுதினார். மொத்தச் சுற்று 14,000 முதல் 18,000 கிலோமீட்டர். போனது திரும்பாது, பேரனோ கொள்ளுப்பேரனோ திரும்பும். மாலத்தீவுத் தட்டான்களின் சிறகில் உள்ள ஐசோடோப்பைச் சோதித்தபோது அவை வளர்ந்த தண்ணீர் வட இந்தியாவிலோ அதற்கும் அப்பாலோ இருப்பது 2012இல் தெரிந்தது.

இவ்வளவு தூரம் போகிற பூச்சி தண்ணீரை எப்படிக் கண்டுபிடிக்கிறது? நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரே தளத்தில் அதிரும். நம் கண்ணுக்கு அது தெரியாது, தட்டானுக்குத் தெரியும். படுக்கைவாட்டில் அதிரும் ஒளி என்றால் தண்ணீர். கோடானுகோடி ஆண்டு பிசகாத அடையாளம் அது. பளபளக்கும் கறுப்பு, சிவப்புக் கார்களும் அதே ஒளியைத் திருப்புகின்றன என்று ஹங்கேரி ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். மெருகேற்றிய கறுப்புக் கல்லறைகளிலும் சோலார் தகடுகளிலும்கூட அதே ஏமாற்றம்.

போன ஐப்பசியில் சிட்லபாக்கத்தில், புதிதாக வாக்ஸ் போட்ட ஒரு கறுப்புக் காரின் பானெட்டில் பெண் தட்டான் ஒன்று வால் நுனியால் தொட்டுத் தொட்டு எழும்பிக்கொண்டிருந்தது. தொட்ட இடமெல்லாம் முட்டை. வெயில் ஏற, கையை வைக்க முடியாத அளவுக்குத் தகரம் சுட்டது. ஏரிக்கரை அங்கிருந்து ஒரு தெரு தள்ளித்தான்.